ஏழு ஏழாக

பார்க்வில்லில், நிலக்கீழ்த் தளத்தில்,
ஜன்னல் இல்லாத அறையில் எனக்கு வேலை.
மெழுகில் புதைத்த மூளைத் துண்டை
ஏழு மைக்ரான் தடிப்பில் சீவுவேன்.
இளஞ்சூட்டு நீரில் அது
பாலாடை போலச் சுருங்கி, பிறகு விரியும்.
கண்ணாடித் தகட்டில் ஏந்தி எடுப்பேன்.
இருபத்திரண்டு வருடம். கை நடுங்கியதில்லை.

இன்று வந்தவருக்குப் பெயரில்லை, எண் மட்டும்.
பெண். தொண்ணூற்றொரு வயது. டிராம் ஓட்டியவர்.
எழுபதில் கிரேக்கம் படிக்கத் தொடங்கினாராம்,
பக்கத்து வீட்டுச் சண்டை விளங்க வேண்டுமென்று.
கோப்பில் இதை எழுதியவர் வாழ்க.
இறப்பதற்கு ஐந்து மாதம் முன் நினைவுத் தேர்வு:
முப்பதுக்கு இருபத்தொன்பது.
தவறியது கிழமை.
ஓய்வு பெற்றவருக்குக் கிழமை எதற்கு?

சாயம் ஏற்றிப் பார்த்தேன்.
மாரிக்குப் பிறகு மதிலில் படரும் பூஞ்சை போல
எங்கும் பழுப்புத் திட்டு. அமிலாய்டு.
வெள்ளிச் சாயத்தில் கறுத்த சுடர்கள்:
தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை போல
நரம்பிழையைத் தாங்க வேண்டிய புரதம்
கழன்று, முறுகி, சிக்காகிக் கிடந்தது.
இந்தப் பாதையில் ஒரு வண்டியும் ஓடியிருக்க முடியாது.
ஓடியிருக்கிறது.

டாக்டர் ஃபெனெல்லா இரண்டாம் தடவை எண்ணினார்.
லேபிள் மாறியதோ என்று என்னைப் பார்த்தார்.
மாறவில்லை.
"சேமிப்பு இருந்திருக்கும்," என்றார், வங்கிக்காரி போல.
"மிஞ்சிய இணைப்புகள் சுற்றுவழி போட்டிருக்கும்."

குகபாலனின் ஸ்கேனையும் நான் பார்த்தேன்.
'வயதுக்குச் சற்றே கூடிய மெலிவு.'
சற்றே.
அறுபத்து மூன்று வயது. நில அளவையாளர்.
சென்ற மே மாதம், தானே அளந்து வரைந்த தெருவில்
காரை நிறுத்திவிட்டு எனக்குப் போன் எடுத்தார்:
"நான் நிக்கிற இடம் எதெண்டு சொல்லும்."

கிளினிக்கில் மூன்று சொல் கொடுத்தார்கள்.
ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது
"நீங்கள் ஒண்டும் தரேல்லையே, பிள்ளை," என்றார்
மிக மரியாதையாக.
நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள்.
தொண்ணூற்று மூன்று. எண்பத்தாறு. எழுபத்தொன்பது.
அறுபத்தைந்தில் அந்தப் பெண் போதும் என்றாள்.
போதவில்லை அவருக்கு.
சிட்னி ரோட்டில், டிராமுக்குப் பின்னால் ஊர்ந்த காரில்,
பதினாறு. ஒன்பது. இரண்டு.
கொஞ்சம் நின்றார்.
சிவப்பு விளக்கு பச்சையாவதற்குள் பூச்சியத்தைத் தாண்டி
கழித்தல் ஐந்து,
கழித்தல் பன்னிரண்டு.
ஒன்றும் பிழையில்லை.

கறையை எண்ணி மறதியை அளக்க முடியாது.
சிக்குகளின் கணக்கு கொஞ்சம் கிட்ட வரும்.
அறுந்த நரம்பிணைப்புகளின் கணக்கு இன்னும் கிட்ட.
ஆனால் முதலில் எத்தனை இருந்தன?
அதை ஆரும் எண்ணி வைப்பதில்லை.
நான் கூட.
முப்பத்தொரு வருடம் ஒரே கட்டிலில் கிடந்தும்.

இறந்துபோன ஒரு டிராம்காரியின் மேல் எனக்குப் பொறாமை.
ஒரு கணம் தகட்டைத் தரையில் போடத் தோன்றியது.
லேபிள் ஒட்டி, தட்டில் அடுக்கினேன்.

தானம் செய்யும் படிவத்தில்
விளங்கிக் கையொப்பம் இடும் தெளிவு இருக்கும்போதே
இட வேண்டும் என்பது விதி.
நல்ல காலை ஒன்று பார்த்து நீட்டினேன்.
எல்லாப் பக்கத்தையும் வாசித்தார். விளங்குது என்றார்.
நானும் போகலாம், உம்மட கத்திக்கு, என்று சிரித்தார்.
தமிழில் ஒப்பமிட்டார். 'ப'வின் கால் நேர்கோடு.
பிறகு, தாளைக் கொஞ்சம் தூரப் பிடித்து,
"இது எந்தக் காணி?"

"உங்கட."

"எல்லைக் கல்லெல்லாம் நிக்குதோ?"

"ரெண்டு மூண்டைக் காணேல்ல."

"தேடிப் பாரும்," என்றார்.
"மண்ணுக்குள்ள தாண்டிருக்கும்."

பேனாவை மூடாமல் என்னிடம் தந்தார்.